ஃபாரின் கணக்கேடு

எண்கள் பொய் சொல்லா என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். லண்டனின் காலரா வரலாறு அந்த நம்பிக்கையைச் சற்று உரசிப் பார்க்கச் சொல்கிறது.

1848-49இல் அந்நோய் அங்கே ஏறத்தாழ 14,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பிறப்பு இறப்புப் பதிவகத்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் மரணங்களை வட்டாரவாரியாகத் தொகுத்தார். தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து நிலம் உயர உயரச் சாவு குறைந்தது. தாழ்நிலத்துக் கெட்ட காற்றே முதன்மைக் காரணம் என்று அவர் கருதினார். கணக்கில் பிழையில்லை, பொருள் கொண்டதில்தான் பிழை. தாழ்நிலத்தார் பலர் குடித்தது சாக்கடை கலந்த ஆற்றுநீர்.

மருத்துவர் ஜான் ஸ்னோ நீரையே ஐயுற்றார். தென் லண்டனில் இரு நிறுவனங்களின் குழாய்கள் ஒரே தெருக்களில் ஓடின. லாம்பெத் நிறுவனம் 1852இலேயே நகருக்கு மேலே, தூய நீருள்ள இடத்துக்கு மாறியிருந்தது, சதக்-வாக்ஸால் மாறவில்லை. 1854இல் காலரா மீண்டும் பரவியபோது, பதிவகம் தந்த முகவரிகளோடு ஸ்னோ வீடுவீடாக விசாரித்தார். நிறுவனத்தின் பெயர் அறியாத வீடுகளில் நீரின் உப்பைச் சோதித்தார். முதல் ஏழு வாரங்களில் 10,000 வீடுகளுக்கு லாம்பெத் நீரால் 37 மரணங்கள், மற்றதால் 315.

அப்போதும் ஃபார் முழுதாக இணங்கவில்லை. ஸ்னோ 1858இல் மறைந்தார். 1866இல் கிழக்கு லண்டனில் காலரா மூண்டபோது, ஃபார் நீர் வழங்கும் நிறுவனம்வாரியாக மரணங்களைப் பிரித்துப் பார்த்தார். அவை ஒரே நிறுவனத்தின் எல்லைக்குள் குவிந்திருந்தன. தம் பழைய கொள்கையை விட்டு, நீரே காரணமென அறிவித்தார்.

இன்று நோய்த்தரவுகள் கணினித் திரையில் நொடியில் விரிகின்றன. ஃபாருக்கு எண்களைச் சேர்ப்பது வாரந்தோறும் நடந்த வேலை. அவற்றைச் சரியாகப் படிக்க 17 ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டாம் வேலை நமக்கும் எளிதாகிவிடவில்லை.