இல்லுன்னா என்ன? - கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. போன வாரம் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வந்தேன். ஊர்னா சங்கரன்கோவில். 2019 நவம்பர்ல இருந்து தென்காசி மாவட்டம். ஆனாலும் யாராவது கேட்டா வாய் தானா 'திருநெல்வேலிப் பக்கம்'னுதான் சொல்லுது. அங்க ஒண்ணாப்பு தோஸ்த் ஒருத்தனைப் பார்த்தேன். டீக்கடையில அவன்கூட நின்னு பேசுனதுல பிறந்த பதிவு இது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்தருள்க :-)

முதல்ல கொசுவத்தி சுத்திடறேன்.

2003-ன்னு ஞாபகம். ஒண்ணாப்பு. சுவத்துல ஒரு பெரிய படச் சார்ட். டீச்சர் குச்சியை ஒவ்வொரு படத்து மேலயும் வச்சு ஒவ்வொருத்தனா எழுப்பிக் கேக்காங்க. ஓட்டு வீடு படம் வந்தப்போ இவன் முறை.

"இது என்னல?"

"இல்லு."

"இல்லையா? படம் இங்கன இருக்குல்லா, இல்லங்க?"

"இல்லு டீச்சர்."

கிளாஸே சிரிச்சது. நானும்தான். கையில ஒரு அடி விழுந்தது. அன்னைக்கு வாயை மூடினவன் அந்த வருஷம் முழுக்க சரியா திறக்கல. 'ஊமையன்'னு பட்டப்பேரு நாலாப்பு வரைக்கும் இருந்துச்சு.

அவன் வீட்ல தெலுங்கு. தெலுங்குல 'இல்லு'ன்னா வீடு. அதாவது அந்தக் கிளாஸ்ல அவன் சரியான பதிலைத்தான் சொன்னான். டீச்சரையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். அம்பது பிள்ளைகளுக்கு மேல வச்சுக்கிட்டு ஒத்த ஆளா மல்லுக்கட்டினவங்க. அவன் வீட்ல வேற பாஷைன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லல. எந்தப் பயிற்சியிலயும் அதைக் கேக்கணும்னு சொல்லிக் கொடுத்த மாதிரியும் தெரியல.

இதுல பெரிய கூத்து பத்தாப்புலதான் தெரிஞ்சது. தமிழய்யா இல்லறம், இல்லாள் எல்லாம் நடத்திட்டு, 'இல்' என்றால் வீடு, பழந்தமிழ்ச் சொல்னு சொன்னார். நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் சிரிக்கல.

சரி, மேட்டருக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்கூடத்துல வீட்ல தமிழ் பேசாத பிள்ளைங்க கதை எங்கே ஆரம்பிக்குது?

எங்க பக்கத்துக்கு அது 500 வருஷக் கதை. 1529 வாக்குல விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வந்தாரு. அப்புறம் 72 பாளையம் பிரிச்சாங்க. திருநெல்வேலிச் சீமையில மேற்கே மறவர் பாளையங்கள், கிழக்கே கரிசல் பக்கம் தெலுங்கு பேசற பாளையங்கள். மேற்கே பூலித்தேவனோட நெற்கட்டும்செவல் எங்க ஊருக்குப் பக்கம்தான். கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி. 1959 படத்துல சிவாஜி பேசின வசனத்தையே கேட்டு வளர்ந்ததால கட்டபொம்மன் வீட்ல தெலுங்குன்னு சொன்னா இன்னைக்கும் நம்மாளுங்க நம்ப மாட்டாங்க. பாளையக்காரர் மட்டுமில்ல, கரிசல்ல பருத்தி போட்ட சம்சாரியும் வந்தாங்க. செருப்புத் தைக்கிற, தெருக் கூட்டற வேலையில தள்ளப்பட்ட சனங்கள்ல நிறையப் பேர் வீட்லயும் தெலுங்குதான். இடைசெவல் கி.ரா. வீட்ல பேசினது தெலுங்கு, எழுதினது கரிசத் தமிழ். 1991-ல 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது வாங்கினாரு. 2021-ல அவர் போனப்போ தமிழே அழுதது.

எங்க ஊர்ச் சாமியே சங்கரநாராயணர். பாதி உடம்பு சிவன், பாதி பெருமாள். யாரு பெருசுன்னு சங்கனும் பதுமனும் சண்டை போட்டதுக்கு அம்பாள் தபசிருந்து வாங்கிக் கொடுத்த பதில் அது. கோவில்ல ரெண்டும் ஒண்ணா நிக்கலாம், பள்ளிக்கூடத்துலதான் கஷ்டம் போல.

அந்தக் காலத்துல இதைக் கணக்கெடுக்காமலும் இல்ல. 1822-ல சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு கலெக்டரும் தன் ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம் இருக்குன்னு எழுதி அனுப்பணும்னு உத்தரவு போட்டாரு. மொத்தம் 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைகள்னு கணக்கு வந்தது. இதுல பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் மொழிவாரியாவே பிரிச்சு எழுதினாரு. 533 பள்ளியில கன்னடம் 235, தெலுங்கு 226, மராத்தி 23, சமஸ்கிருதம் 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் 1. கூட்டிப் பார்த்தேன், டேலி ஆகுது (பொட்டி தட்டற புத்தி!). ஒரே ஜில்லாவுல ஏழு மொழிப் பள்ளி! ஆனா கணக்கு எடுத்தது பள்ளிக்கூடத்து மொழியை. வீட்டு மொழியை இல்ல.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1949 ஆகஸ்ட்ல மாகாணக் கல்வி மந்திரிகள் கூடி ஒரு சூத்திரம் போட்டாங்க. ஒரு தொடக்கப் பள்ளியில 40 பேரோ, ஒரு வகுப்புல 10 பேரோ வேற தாய்மொழிக்காரங்களா இருந்தா அந்த மொழியில சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர் போடணும். 1956-ல ஏழாவது சட்டத்திருத்தம் அரசியல் சட்டத்துல 350-அ பிரிவைச் சேர்த்துச்சு. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில கிடைக்க மாநிலங்கள் முயற்சி எடுக்கணும்னு அது சொல்லுது. 1957-ல இதைக் கவனிக்க மத்தியில ஒரு ஆணையரும் வந்தாரு.

அந்தத் திருத்தம் வந்த நேரத்தைப் பாருங்க. 1956 நவம்பர் 1-ல மாநில எல்லைகள் மாறினப்போ செங்கோட்டை நம்ம பக்கம் வந்தது. எங்க ஊர்ல இருந்து தென்காசி தாண்டினா செங்கோட்டை, பக்கம்தான். அதுவரைக்கும் அங்க இருந்த தமிழ்ப் பிள்ளைங்க திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்துல மொழிச் சிறுபான்மை. தெற்கே கன்னியாகுமரித் தமிழர்கள் இதுக்காகப் போராடி 1954 ஆகஸ்ட் 11-ல துப்பாக்கிச் சூடே வாங்கினாங்க. அந்த ஒரு நாள்ல, தன் நாலு தாலுகாவோட சேர்ந்து அவங்க பெரும்பான்மை ஆயிட்டாங்க. அங்கேயே இருந்த மலையாளப் பிள்ளைங்க சிறுபான்மை. தேவிகுளம், பீர்மேடு தமிழ்ப் பிள்ளைங்க கேரளாவுல சிறுபான்மையாவே நின்னுட்டாங்க. ஆக, சிறுபான்மைங்கறது பிறவிக் குணம் இல்ல, கோடு எங்க போடறாங்கங்கறதுதான். மூணாறுல தமிழ்ப் பள்ளிக்கு வாத்தியார் இல்லைன்னா நமக்குக் கோவம் வருது. வரணும். அதே கோவம் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் வரணுமில்லையா?

1968 ஜனவரி 23-ல அண்ணா ஆட்சியில இருமொழிக் கொள்கைத் தீர்மானம். 2006-ல தமிழ் கற்றல் சட்டம். அந்தக் கல்வியாண்டுல ஒண்ணாப்புல ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒரு வகுப்பா ஏறி, 2015-16-ல பத்தாப்பு வரைக்கும் எல்லாருக்கும் தமிழ் கட்டாயம். என் கருத்தைக் கேட்டா அது தேவையான சட்டம். இந்த மண்ணுல வாழப்போற பிள்ளைக்கு இந்த மண்ணோட மொழி தெரியாமப் போறது அந்தப் பிள்ளைக்குத்தான் நட்டம். ஆனா தெலுங்கு, உருது, மலையாளம், கன்னடப் பள்ளிகள்ல படிச்ச பிள்ளைங்க தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு. தமிழ் நடத்தப் போதுமான ஆசிரியர் இல்லாம தேர்வு மட்டும் எப்படி எழுதறதுன்னு அவங்க வாதம். விலக்கு மேல விலக்கு. 2023 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் கூட இன்னும் ஒரு வருஷம் விலக்கு கொடுத்துச்சு. ஓசூர் பக்கமும் ஆம்பூர், வாணியம்பாடி பக்கமும் இதெல்லாம் பெரிய விஷயம்.

ஆனா என் தோஸ்துக்கு இதுல எதுவுமே பொருந்தல. அதான் நான் சொல்ல வந்தது.

அவன் தெலுங்கு மீடியம் கேக்கல. அவன் வீட்ல தெலுங்கு எழுதப் படிக்க ஒருத்தருக்கும் தெரியாது. பேச்சு மட்டும்தான், அதுவும் ஐதராபாத்காரன் கேட்டா பாதி புரியாத பேச்சு. அவங்க அப்பாவுக்கு வேண்டியது பையன் தமிழ்ல நல்லாப் படிக்கணும், அவ்வளவுதான். சட்டத்துல ரெண்டே வாசல். ஒண்ணு தனி மீடியம், இல்ல தமிழ் கட்டாயம். முதல் ஆறு மாசம் 'இல்லு'ன்னா வீடுன்னு தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல நிக்கற வாசல் எங்கயும் இல்ல.

2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல தெலுங்கைத் தாய்மொழின்னு சொன்னவங்க 5.87%, அதாவது 42 லட்சம் பேர். இவங்கள்ல எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைங்க சாதாரண தமிழ் மீடியம் அரசுப் பள்ளியிலதான் இருக்காங்க. கணக்கெடுப்புக்காரருக்குத் தெரிஞ்சது கிளாஸ் டீச்சருக்குத் தெரியல.

ஏன் கேக்கல? இங்கதான் உள்குத்து. எங்க ஊர்ல ஒரு பையனை 'வீட்ல என்ன பாஷைல?'ன்னு கேட்டா, அது 'நீ என்ன ஆளுக?'ன்னு கேக்கறதுக்குச் சமம். தெலுங்குன்னு சொன்ன உடனே அடுத்து எந்தத் தெருன்னு கேப்பாங்க. தெரு தெரிஞ்சா சாதி தெரிஞ்சு போச்சு. அதனால நல்ல டீச்சருங்க கேக்கறதில்ல, அது ஒரு நாகரிகம். பிள்ளைங்களும் சொல்றதில்ல, அது ஒரு பயம். (என் தோஸ்த் எந்த சாதின்னு நான் இங்க எழுதப்போறதில்ல. தேடாதீங்க.) அவங்க அம்மா சந்தையில பேரம் பேசற தமிழைக் கேக்கணும், வியாபாரி அலறிடுவான். ஆனா பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவை கூட வந்ததில்ல. அங்க பேசினா ராகம் காட்டிக் கொடுத்துரும்னு பயம்.

இந்த இடத்துல அமெரிக்காவை இழுக்கறேன், திட்டாதீங்க. ஆன்சைட்ல இருக்கற என் டீம் அண்ணன் ஒருத்தர் பையனை அங்க அரசுப் பள்ளியில சேர்த்தாரு. முதல் நாளே ஒரு பாரம். பிள்ளை முதல்ல பேசக் கத்துக்கிட்டது எந்த மொழி, வீட்ல அதிகம் பேசறது எந்த மொழின்னு கேள்வி. 'தமிழ்'னு எழுதினாரு. பையனோட ஆங்கிலத்தைச் சோதிச்சுப் பார்த்து, ஆங்கிலம் பழகத் தனியா ஒரு டீச்சர்கிட்ட தினமும் கொஞ்ச நேரம் அனுப்பினாங்க. இதுவும் சும்மா வந்ததில்ல. நம்ம ஊர்ல இருமொழித் தீர்மானம் வந்த அதே 1968 ஜனவரியில, 2-ஆம் தேதி, அங்க இருமொழிக் கல்விச் சட்டத்துல ஜான்சன் கையெழுத்துப் போட்டாரு. அப்பவும் சான் பிரான்சிஸ்கோவில சுமார் 1,800 சீனப் பிள்ளைங்க ஆங்கிலம் புரியாம, எந்த உதவியும் இல்லாம உக்காந்திருந்தாங்க. பெத்தவங்க வழக்குப் போட்டு 1974-ல 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' தீர்ப்பு வாங்கினாங்க. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே டீச்சர் கொடுத்துட்டா அது சமமாயிடாதுங்கறதுதான் சாரம். அங்கயும் எல்லாம் சொர்க்கம் இல்ல. ஆனா கேள்வியாவது கேக்கறாங்க. அங்க அந்தக் கேள்வியில சாதி ஒட்டிக்கிட்டு இல்லைங்கறது அவங்க அதிர்ஷ்டம்.

நம்ம ஊர் அட்மிஷன் பாரத்துலயும் 'தாய்மொழி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. இப்ப கம்ப்யூட்டர்லயும் ஏத்தறாங்க. ஆனா டேட்டாபேஸ் பார்க்கறவனுக்குத் தெரியும், கேக்காம நிரப்பற கட்டத்துல டீஃபால்ட் வேல்யூதான் உக்காரும்.

டீக்கடைக்கு வரேன். தோஸ்துக்குச் சீக்கிரமே கல்யாணம் ஆயிருச்சு. பொண்ணுக்கு அஞ்சு வயசு, ஜூன்ல ஒண்ணாப்பு. பாரம் வாங்கிட்டு வந்திருந்தான். 'தாய்மொழி'க்கு நேரா 'தமிழ்'னு எழுதி முடிச்சிருந்தான்.

"பாப்பாட்ட நாங்க தெலுங்கே பேசறதில்லடா. எங்க அம்மாட்டயும் சொல்லிட்டேன், அவகிட்ட பேசாதேன்னு. நான் பட்டது போதும்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அன்னைக்குச் சிரிச்சவன்தானே நானும். "மாப்ள, அன்னைக்கு நீ சொன்னதுதான்டா சரி"ன்னு இருபத்தி ரெண்டு வருஷம் லேட்டா சொன்னேன். "அது எனக்குப் பத்தாப்புலயே தெரியும்ல"ன்னான்.

பாப்பா அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. "அப்பா, இல்லுக்குப் போலாம்."

ஆச்சி வேலை! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவன் சிரிக்கல. சட்டுனு சுத்திமுத்தும் யாராவது கேட்டாங்களான்னு பார்த்தான்.

மக்களே, உங்கள்ல நிறையப் பேர் டீச்சரா இருக்கீங்க, டீச்சர் வீட்ல இருக்கீங்க. ஜூன்ல ஒண்ணாப்புக்கு வர்ற பிள்ளைங்கள்ல தெலுங்கு இருக்கும், சௌராஷ்டிரம் இருக்கும், இப்போ கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவங்க பிள்ளைங்க இந்தி, ஒடியா, வங்காளமும் இருக்கும். தனி மீடியம் எல்லாம் அரசாங்கம் பார்க்கட்டும். கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கேக்காம, அம்மாவைத் தனியாக் கூப்பிட்டு, 'பிள்ளை தண்ணிக்கு என்ன சொல்லுவா, வீட்டுக்கு என்ன சொல்லுவா'ன்னு ஒரு பத்து வார்த்தை கேட்டு எழுதி வச்சுக்கிட்டா போதும். பாஷை பேரு கூட வேண்டாம். பத்து வார்த்தை.

உங்க கிளாஸ்லயும் ஒரு 'ஊமையன்' இருந்தானா? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: டீச்சர் இப்ப ரிட்டயர் ஆயிட்டாங்க. கோவில்ல பார்த்தேன், ஆசீர்வாதம் வாங்கிக்கிட்டேன். இதைச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல.