சுருள் முடியும் காரக் களிம்பும்



தலைமுடியின் வரலாறு ஒன்றை இன்று காண்போம். முடிக்கும் ஒரு வரலாறா என்று எண்ண வேண்டாம். இதுவும் தோட்டத்தில் தொடங்கிய வரலாறுதான்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆப்பிரிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்தனர். 1865-இல் சட்டம் அவர்களை விடுவித்தது. ஆனால், வெள்ளையரின் நேரான முடியே அழகு, சுருண்ட முடி அழகற்றது என்ற எண்ணம் மட்டும் நீங்கவில்லை. வேலைக்கும் மதிப்புக்கும் முடியை நேராக்க வேண்டும் என்று கறுப்பின மக்கள் பலர் நினைக்கலாயினர்.

1867-இல் லூயிசியானா மாநிலத்துப் பருத்தித் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் சாரா பிரீட்லவ். ஏழு வயதில் பெற்றோரை இழந்து, பின்னர் துணி வெளுத்துப் பிழைத்த இப்பெண், கூந்தல் தைலங்கள் விற்று, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் பெருஞ்செல்வரானார். கிளீவ்லாந்து நகரில் தையல் இயந்திரம் பழுது பார்த்த காரெட் மார்கன், கம்பளித் துணி கருகாமலிருக்க ஒரு திரவத்தைச் சோதித்தார். அது கம்பளி இழையை நேராக்குவதைக் கண்டு, அதையே முடிக்கான களிம்பாக விற்றார்.

வாங்க வசதியற்றவர்களோ வீட்டிலேயே உருளைக்கிழங்கு, முட்டை, காஸ்டிக் சோடா ஆகியவற்றைக் கலந்து தலையில் பூசினார்கள். தாம் இளமையில் அப்படிப் பூசி எரிச்சலைத் தாங்கியதை, 1965-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் மால்கம் எக்ஸ் விவரித்திருக்கிறார். பின்னாளில் அதைத் தமக்குத் தாமே தேடிக்கொண்ட இழிவாகவே அவர் கருதினார்.

1954-இல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் என்பவர் 250 டாலர் கடனில் தொழில் தொடங்கி, இக்களிம்பைப் புட்டியில் அடைத்து விற்றார். 1971-இல் அவருடைய நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. கறுப்பினத்தவருக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்று அங்கு இடம்பெற்றது அதுவே முதல் முறை.

இக்களிம்பு எவ்வாறு வேலை செய்கிறது? பால்மரத்துப் பாலில் செய்த ரப்பருக்கு உறுதி தருவது எது? கந்தகம். அது ரப்பரின் இழைகளுக்கிடையே பாலம் போடுகிறது. நம் முடியிலும் அத்தகைய கந்தகப் பாலங்கள் உண்டு. முடியின் உறுதிக்கும் சுருளுக்கும் அவையே துணை. காரக் களிம்பு அவற்றைக் குலைக்கிறது. குலைந்த பாலம் பழைய நிலைக்குத் திரும்பாது. புதிதாக வளரும் முடிதான் சுருண்டு வரும்.

1970-களின் இறுதியில் காஸ்டிக் சோடா இல்லாத களிம்புகள் வந்தன. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை ஒத்த கால்சியம் ஹைட்ராக்சைடு அவற்றில் சேர்ந்தது. எரிச்சல் குறைவு என்பதால் வீட்டுப் பெண்கள் பலர் இதற்கு மாறினர். ஆயினும் இதுவும் கடுங்காரமே. சுண்ணாம்புச் சத்து படிந்து முடி வறண்டு போவதும் உண்டு.

எரிச்சலுக்குப் பயந்து சீக்கிரம் கழுவிவிட்டால் முடி பாதி நேராகவும் பாதி சுருளாகவும் நின்றுவிடும். உடனே வேறு களிம்பு வாங்கி மறுபடியும் பூசுவது பெருந்தவறு. முன்னரே பலமிழந்த இழை அறுந்துவிடும். தயோகிளைகாலேட் என்ற மற்றொரு வகை மருந்து உண்டு. அதையும் காரக் களிம்பையும் ஒரே முடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒருபோதும் பூசலாகாது. சில வாரங்கள் பொறுத்து, புண் ஏதுமில்லாத தலையில், நேராகாத பகுதியில் மட்டும், தொழில் தெரிந்தவர் கையால் திருத்திக்கொள்வதே முறை.

மற்றொரு செய்தியும் உண்டு. 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்து வந்த ஆய்வின் முடிவை வெளியிட்டனர். ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் முடியை நேராக்கும் மருந்து பூசிய பெண்களில், 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் காண்போர் 100-க்கு ஏறத்தாழ 4 பேர் என்று கணக்கிட்டனர். பூசாதவர்களில் 100-க்கு 2 பேருக்கும் குறைவு. மருந்துதான் காரணம் என்று இதனால் உறுதியாகிவிடவில்லை. எனினும், எச்சரிக்கைக்கு இது போதுமல்லவா?

2019-இல் கலிபோர்னியா மாநிலம், இயற்கையான முடியைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. விடுதலைக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே 154 ஆண்டுகள் கடந்திருந்தன.

நம் பெண் பிள்ளைகளும் இன்று முடியை நேராக்க விரும்புகிறார்கள். விருப்பம் அவர்களுடையது. ஆனால், பிறர் ஏளனத்துக்கு அஞ்சித் தலையைப் புண்ணாக்கிக்கொள்ளும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது. அவர்கள் முடியையும் நிறத்தையும் குறை கூறும் பேச்சு முதலில் நம் வீட்டில் நிற்கட்டும்.