கம்பம் பள்ளத்தாக்கில் ரெம்டெசிவிர்: ஒரு மருந்தின் காலமும் காப்பும்

1. பிரச்சினையின் தோற்றம்

2021-ஆம் ஆண்டின் சித்திரையிலும் வைகாசியிலும், கொரோனாவின் இரண்டாம் அலை தமிழகத்தின் மருத்துவமனைப் படுக்கைகளையெல்லாம் நிறைத்துவிட்ட வேளையில், ரெம்டெசிவிர் என்ற மருந்து கிடைத்தால் உயிர் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை என்று ஜனங்கள் நம்பும் நிலை உண்டாயிற்று. அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே செலுத்தப்பட்டது. தனியார் மருத்துவமனைகளில் இருந்தோரின் உறவினருக்கோ அதைத் தேடி அலைவதே வேலையாயிற்று. சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குப்பி ஒன்று 1,568 ரூபாய் விலையில் அதனை விற்கத் தொடங்கியபோது, மருந்துச் சீட்டு, தொற்றுப் பரிசோதனை முடிவு, சி.டி. ஸ்கேன் அறிக்கை, ஆதார் அட்டை ஆகியவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். மே மாதத்தில் மதுரை, திருச்சி, கோவை, சேலம், திருநெல்வேலி ஆகிய நகரங்களுக்கும் அவ்விற்பனை விரிவாக்கப்பட்டும் கூட்டம் தணியாமையால், மே 18 முதல் தனியார் மருத்துவமனைகளே இணையத்தளத்தின் வாயிலாக விண்ணப்பித்துத் தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்ளுமாறு அரசு ஏற்பாட்டை மாற்றியது.

இம்மாற்றத்தை நிர்வாக சௌகரியத்துக்காகச் செய்த சிறு திருத்தமென்று கருதியவர் பலர். அம்மருந்தைப் பத்திரமாகப் பிரயோகிப்பதற்கே அது அஸ்திவாரம் என்பது என் துணிபு. நோயின் எந்த நாளில், எந்த நோயாளிக்கு, யாருடைய கண்காணிப்பில் கொடுக்கப்படுகிறது என்ற மூன்று நிபந்தனைகளில்தான் ரெம்டெசிவிரின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன என்பதையும், மலைத்தோட்டங்களுக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் இடையே நெடுந்தூரம் கிடக்கும், கம்பம் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய தேனி மாவட்டம் போன்ற பிரதேசத்தில் அம்மூன்றனுள் நாட்கணக்கே தலையாயது என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. மருந்தின் இயல்பு

அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் உருவாக்கிய இம்மருந்து, கொரோனாவுக்கென்று பிறந்ததன்று. எபோலா நோய்க்கு காங்கோ நாட்டில் சோதிக்கப்பட்டு, அங்கே பிற மருந்துகளுக்குப் பின்தங்கிப்போனது. வைரஸ் தன் ஆர்.என்.ஏ. இழையைப் பிரதியெடுக்கும்போது பயன்படுத்தும் எழுத்துகளுள் ஒன்றான அடினோசினைப் போலவே தோற்றங்கொண்டு, உயிரணுவினுள் உருமாறி, அவ்விழையில் இடம்பிடித்து, பிரதியெடுக்கும் நொதியின் வேலையைத் தடைப்படுத்துவது இதன் தொழில். ஆகவே, வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் இதற்கு வேலை உண்டு. கொரோனாவிலோ, பெருக்கம் பெரும்பாலும் முதல் வாரத்தில் நிகழ்ந்து முடிய, அதன்பின் நுரையீரலைச் சிதைப்பது உடலின் சொந்த அழற்சியே. அந்நிலையில் உதவுவது டெக்சாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து. பயிர் கருகிய பின் முல்லைப் பெரியாற்று மடையைத் திறந்துவிடுவதால் என்ன பயனோ, அதுவே செயற்கைச் சுவாசக் கருவியில் கிடக்கும் நோயாளிக்குப் பிந்தி ஏற்றப்படும் ரெம்டெசிவிரின் பயனும்.

3. சோதனைகள் சொல்லும் செய்தி

இதனை அனுமானமாக விட்டுவிட வேண்டியதில்லை, பெருஞ்சோதனைகள் நடந்துள்ளன. அமெரிக்க அரசின் ஆதரவில் 1,062 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், போலிமருந்து பெற்றவர்கள் குணமடைய 15 நாட்கள் பிடித்தன. ரெம்டெசிவிர் பெற்றவர்களுக்கு 10 நாட்களே பிடித்தன. குறைந்த அளவு ஆக்ஸிஜன் பெற்றுவந்தவர்களிடமே அந்த அனுகூலம் மிகுதியாகத் தெரிந்தது. ஆனால், உலக சுகாதார நிறுவனம் 30 நாடுகளில், 405 மருத்துவமனைகளில் நடத்திய ‘ஒற்றுமை’ (சாலிடாரிட்டி) என்னும் சோதனையின் இடைக்கால முடிவு 2020 அக்டோபரில் வெளிவந்தபோது, மரணத்தைக் குறைப்பதில் இம்மருந்தால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. அதனை ஆதாரமாகக் கொண்டு அந்நிறுவனம் அவ்வாண்டு நவம்பரில் இதனைப் பரிந்துரைக்க மறுத்தது.

இவ்விரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், 2022-இல் வெளிவந்த ஒற்றுமைச் சோதனையின் இறுதிக் கணக்கு அவற்றை இணைத்துக் காட்டுகிறது. செயற்கைச் சுவாசக் கருவியின்றி ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களுள் ரெம்டெசிவிர் பெற்றோரில் நூற்றுக்கு 14.6 பேரும், பெறாதோரில் 16.3 பேரும் இறந்தனர். ஏற்கெனவே சுவாசக் கருவியில் இருந்தவர்களிடமோ நன்மை எதுவும் புலப்படவில்லை. மருத்துவமனையில் சேராத, ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு மூன்று நாட்கள் கொடுத்த வேறொரு சோதனையில், மருத்துவமனையில் சேர நேர்வதோ இறப்போ நிகழும் ஆபத்து 87 சதவீதம் குறைந்தது. முந்திக் கொடுத்தால் மிகுந்த பயன், ஆக்ஸிஜன் தேவைப்படும் கட்டத்தில் கொடுத்தால் சிறு பயன், சுவாசக் கருவிக்குப் போன பிறகு கொடுத்தால் பயனின்மை என்று, பயன் படிப்படியாக இறங்குவதை இச்சான்றுகள் ஒருமுகமாகக் காட்டுகின்றன.

2021 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் எய்ம்ஸும் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதே விவேகம் இருந்தது. மிதமான அல்லது கடுமையான நோயுற்று ஆக்ஸிஜன் தேவைப்படுவோருக்கு, அறிகுறி தோன்றிப் பத்து நாட்களுக்குள், சிறுநீரகமும் ஈரலும் கெடாதிருந்தால் மட்டுமே கொடுக்கலாம் என்றும், ஆக்ஸிஜன் தேவைப்படாதோருக்கும் வீட்டில் இருப்போருக்கும் கூடாதென்றும் அது கூறிற்று. நாடெங்கும் நின்ற வரிசைகளில் இந்நிபந்தனைகளுக்கு உட்படாதோரின் உறவினரும் நின்றனர் என்பதே அன்றைய அவலத்தின் சாரம்.

4. படுக்கையருகே நிகழ வேண்டியவை

மருந்தைக் கொடுக்கும் முறையை அருகிருந்து காண்போம். ஒரு குப்பியில் 100 மில்லிகிராம் உலர்தூள் இருக்கும். ஊசிக்கான சுத்த நீர் 19 மில்லிலிட்டரை அதில் செலுத்தி, முப்பது விநாடி குலுக்கி, இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டு, கரைசல் தெளிந்திருக்கிறதா, துகள் மிதக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பின்னர், உப்புநீர்ப் பையிலிருந்து அதே அளவு நீரை எடுத்துவிட்டுக் கரைசலைச் சேர்த்து, அரை மணி முதல் இரண்டு மணி வரை மெல்ல ஏற்றுதல் வேண்டும். முதல் நாள் 200 மில்லிகிராம், அடுத்த நான்கு நாள் 100 மில்லிகிராம். ஆக ஐந்து நாளுக்கு ஆறு குப்பிகள். மருந்து ஏறும்போதும், ஏறி முடிந்து ஒரு மணி நேரமும், செவிலியர் ஒருவர் அருகிருந்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். இதயத் துடிப்பு மந்தமடைதல், குமட்டல், வியர்வை, நடுக்கம், அழுத்தம் தாழ்தல் ஆகியன சிலரிடம் நிகழ்வனவாதலாலும், அவற்றுள் பல, மருந்தை மெதுவாக ஏற்றுவதால் தவிர்க்கப்படக்கூடியனவாதலாலும், அவசரம் இங்கே அபாயத்துக்கு வழி.

முதல் குப்பியைத் திறப்பதற்கு முன்னும், பிறகு இடையிடையேயும், இரத்தத்தில் கிரியாட்டினினும் ஈரல் நொதிகளும் பார்த்தாக வேண்டும். ஈரல் நொதி இயல்பு அளவின் ஐந்து மடங்கைத் தாண்டினால் அக்கால இந்திய வழிகாட்டுதல் மருந்தை விலக்கியது. சிறுநீரகக் கோளாற்றில் எச்சரிக்கை பிறந்ததற்கு மருந்தைக் காட்டிலும் அதைக் கரைய வைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற துணைப்பொருளே முதன்மைக் காரணம். அது சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டியது. மேலும் வந்த சான்றுகளைப் பார்த்து 2023-இல் அமெரிக்க அதிகாரிகள் சிறுநீரகக் கோளாற்றுக்கான தம் கட்டுப்பாட்டைத் தளர்த்தியமை, எச்சரிக்கையும் அறிவோடு சேர்ந்து வளரவேண்டியதென்பதற்கு உதாரணம்.

நோயாளி முன்னர் என்ன மாத்திரை விழுங்கினார் என்று கேட்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உடன் இருந்தால் ரெம்டெசிவிரின் வீரியம் குறையக்கூடும் என்று 2020 ஜூனிலேயே எச்சரிக்கை விடப்பட்டது. அம்மாத்திரையோ நம் நாட்டில் தடுப்புக்காகவும் பலரால் உட்கொள்ளப்பட்டது. உடன் கொடுக்கும் ஸ்டீராய்டு நீரிழிவுக்காரரின் சர்க்கரையை ஏற்றிவிடுமாதலால், அதையும் நாள்தோறும் பார்த்தல் அவசியம். இரண்டாம் அலையில் கரும்பூஞ்சை நோய் பலரைத் தாக்கியதற்கு ஸ்டீராய்டு, நீரிழிவு ஆகிய இவ்விரண்டின் சேர்க்கையும் ஒரு காரணமென மருத்துவர் எடுத்துக்காட்டினர்.

இவ்வளவையும் வரிசையில் நின்று குப்பி வாங்கிவந்த ஒரு தகப்பனாரோ, தம்பியோ செய்ய இயலாது. அக்குப்பி கடைத்தெருவில் நின்றதா, ஐஸ் பெட்டியில் வந்ததா, உண்மையான சரக்கா என்பதையும் அவர் அறியார். குளுக்கோஸும் உப்பும் நிரப்பிய போலிக் குப்பிகள் அவ்வாண்டில் குஜராத்தில் பிடிபட்டன என்பதை நினைத்தால், மருந்து நோயாளியின் உறவினர் கையிலிருந்து மருத்துவமனையின் கைக்கு மாறியதன் நியாயம் தெளிவாகும்.

5. பள்ளத்தாக்கின் தூரம்

இனி நம் பிரதேசத்துக்கு வருவோம். 1996-இல் மதுரையினின்று பிரிந்த தேனி மாவட்டத்தில், 2004-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் இருக்கிறது. கம்பம், போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், பெரியகுளம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உண்டு. ஆனால், தீவிர சிகிச்சை முழுமையாகக் கிட்டுவது க.விலக்கிலேயே. கம்பத்திலிருந்து அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கூடலூருக்கும் லோயர்கேம்புக்கும் அதனினும் மிகுதி. மேலும், இப்பள்ளத்தாக்கின் உழைப்பாளரில் கணிசமானோர் விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று அந்தியில் திரும்புபவர். காய்ச்சல் கண்டால், ஒருநாள் கூலி போகுமே என்று சுக்குக் கஷாயமும் கபசுரக் குடிநீரும் குடித்துப் பார்ப்பதும், பிறகு அருகிலுள்ள மருந்துக்கடையில் மாத்திரை கேட்பதும், மூச்சு வாங்கத் தொடங்கிய பின் ஆஸ்பத்திரியை நினைப்பதும் இவ்வாழ்க்கையின் இயல்பான போக்கு. அதனை அறியாமை என்று இகழ்வது தகாது. கூலியின் கணக்கே அவ்வாறு செய்விக்கிறது.

பத்து நாள் என்னும் வரம்பு இத்தகைய நோயாளிக்கு எவ்வாறு செலவாகிறதென்று எண்ணிப் பார்க்கலாம். காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு தோட்டத்திற்குப் போன நாட்கள், கஷாயம் குடித்த நாட்கள், முதல் மருத்துவமனையில் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த நாள், க.விலக்குக்கு மாற்றப்பட்ட நாள் என்று அடுத்தடுத்துக் கழிந்து, மருந்து கிடைக்கும் தருணத்தில் அதன் காலமே கடந்திருக்கக்கூடும். கரைக்கும் நீரின் அளவிலும் ஏற்றும் வேகத்திலும் காட்டும் கவனம், இந்நாட்கணக்கில் காட்டப்படாவிட்டால், பத்திரமாகக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. பயனற்ற நாளில் ஏற்றிய மருந்து, தீமையை மட்டும் நோயாளியின் பங்காக விட்டுவைக்கிறது.

6. இரண்டு ஆட்சேபங்கள்

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். பயன் சிறிதெனில் இவ்வளவு முயற்சி எதற்கு என்பது ஒன்று. நூற்றுக்கு ஒன்றிரண்டு உயிர் என்பது ஆயிரக்கணக்கில் நோயாளி வரும் காலத்தில் பல குடும்பங்களின் நிலையை மாற்றும் எண். அதனை அற்பமென ஒதுக்க ஒருவருக்கும் உரிமையில்லை. எனினும், அவ்வெண் முறையாகத் தேர்ந்து கொடுத்தவர்களிடம் கண்டதேயன்றிக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்ததால் வந்ததன்று.

தவிக்கும் குடும்பத்தார் கேட்கையில் மருந்து வேண்டாமென்பது கருணையற்ற செயல் என்பது மற்றொன்று. இக்கேள்வியின் வலியை உணர்ந்தே விடை கூற வேண்டும். வேண்டாமென்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் கருணையின்மை. ஆக்ஸிஜன் அளவு இவ்வளவு, காய்ச்சல் தொடங்கி இத்தனை நாள், இப்போது ஸ்டீராய்டும் ஆக்ஸிஜனும் குப்புறப் படுக்கவைப்பதுமே உதவும் என்று உறவினரை உட்காரவைத்து விளங்க வைக்கும் மருத்துவர், கருணையையும் சாஸ்திரத்தையும் ஒருங்கே காக்கிறார்.

7. முடிபு

ஆகவே, அடுத்த தொற்று வந்தாலும், வேறொரு வைரஸ் எதிர்ப்பு மருந்து வந்தாலும், இப்பள்ளத்தாக்கில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கிராம சுகாதாரச் செவிலியரிடமும் தோட்டக் கங்காணியிடமும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருத்தல் வேண்டும். நோயாளியை மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில், காய்ச்சல் தொடங்கிய தேதியை முதல் வரியாக எழுதுதல் வேண்டும். இரண்டாவது, கம்பத்திலும் போடியிலும் முதல் நாளே கிரியாட்டினினும் ஈரல் நொதியும் பார்த்து, முடிவு நோயாளியோடு கூடவே செல்ல வேண்டும். தகுதி உடையோர்க்கு முதல் அளவை அங்கேயே தொடங்கும் வகையில் மருந்தும் பயிற்சி பெற்ற செவிலியரும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, மருந்து மருத்துவமனையிலிருந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமேயன்றி, எந்நாளும் உறவினரின் பைக்குள் செல்லலாகாது. உண்டான பக்கவிளைவு ஒவ்வொன்றும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எழுத்தில் அறிவிக்கப்படல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. சீட்டில் எழுதும் ஒரு தேதிக்கு மை மட்டுமே செலவு. கம்பம்மெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கிவரும் ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு மருந்து உரிய நாளில் கிட்டுமா என்பதை நிர்ணயிப்பதில் முதற்படி அத்தேதியே.