சிறைக்குள் மருத்துவர் வந்த கதை

1750-இல் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு நியூகேட் சிறையிலிருந்து கைதிகளை விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களோடு காய்ச்சலும் வந்தது. லண்டன் மேயர் சாமுவேல் பென்னன்ட், இரண்டு நீதிபதிகள் உட்படப் பலர் மாண்டார்கள். துர்நாற்றமே நோய் தருகிறது என்று நம்பிய காலம் அது. நீதிபதிகள் கையில் மூலிகைக் கொத்தோடு அமர்ந்தார்கள்; சிறைக்கூரையில் காற்றை வெளியேற்றக் காற்றாலை ஏறியது.

கைதியின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஜான் ஹோவர்ட். 1773-இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஷெரீஃப் ஆனவர், தம் பொறுப்பிலிருந்த சிறையோடு நிற்காமல் இங்கிலாந்தின் சிறைகளை வரிசையாகப் பார்வையிட்டார். உடையில் ஏறிய நாற்றம் தாங்காமல் மூடிய வண்டியை விட்டுக் குதிரையில் பயணம் செய்தார். தூக்குமேடையைவிடக் காய்ச்சலே அதிகம் பேரைக் கொல்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

1774-இல் அவர் நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்த ஆண்டே கைதிகளின் உடல்நலத்துக்கான சட்டம் பிறந்தது: ஆண்டுக்கொருமுறை சுவர்களுக்குச் சுண்ணாம்பு, நல்ல காற்றோட்டம், குளிக்கத் தொட்டி, நோயுற்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, சம்பளத்துக்கு ஒரு மருத்துவர்.

சட்டத்தைத் தன் செலவில் அச்சிட்டுச் சிறை அதிகாரிகளுக்கு அனுப்பினார் ஹோவர்ட். ஆனாலும் பல ஊர்களில் அது ஏட்டோடு நின்றது.

1790-இல் இன்றைய உக்ரைனின் கெர்சன் நகரில் காய்ச்சலுக்கே அவர் பலியானார். சிறைக்காய்ச்சல் எனப்பட்ட டைஃபஸைப் பரப்புவது துர்நாற்றமல்ல, உடுப்பில் ஒட்டும் பேன் என்று 1909-இல் டூனிஸில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் நிக்கோல் நிரூபித்தார்.