கப்பலேறும் மூட்டை

எங்கள் சேலையூர் காலை நடைக் குழுவில் இரண்டு தம்பதிகள் வரும் ஜனவரியில் லட்சத்தீவுக்குக் கப்பலில் போகிறார்கள். கொச்சியில் ஏறி, பகலில் ஒவ்வொரு தீவாக இறங்கிப் பவளப்பாறையும் மீனும் ஆமையும் பார்த்துவிட்டு, இரவில் கப்பலுக்கே திரும்பி வந்து படுக்கிற பயணம். "சார், நீங்க அந்தக் காலத்துலேயே அந்தமானுக்குக் கப்பல்ல போனவராச்சே, மூட்டையில என்னென்ன வைக்கணும்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். பட்டியல் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அதை எழுதும்போது நினைவுக்கு வந்த பழைய மூட்டைகளின் கதை பெரியது. அதில் பாதி நம் சேலையூரில் தொடங்குகிறது.

முதலில் அந்த அரைப் பக்கம். எண்பதுகளில் அலுவலக வேலையாக நான் சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போனபோது மூன்று இரவு கடலில். பங்க் கிளாஸில் எனக்கு எதிரே படுத்திருந்தவருடைய தகரப் பெட்டி, கப்பல் சாயும் பக்கமெல்லாம் இரவு முழுவதும் சறுக்கிக்கொண்டே இருந்தது. ஆகவே பெட்டி வேண்டாம், துணிப் பை போதும். லட்சத்தீவில் பெரிய கப்பல் கரை வரைக்கும் போகாது. நடுக்கடலிலிருந்து சின்னப் படகுக்கு இறங்கி மாற வேண்டும். அப்போது இரண்டு கையும் பிடித்துக்கொள்ளக் காலியாக இருக்க வேண்டும், எனவே முதுகுப் பை. அதற்குள் வாயைச் சுருட்டி மூடுகிற நீர்புகாப் பை ஒன்று. செல்போன், அனுமதிச் சீட்டு, ஆதார் எல்லாம் அதில். பி.பி., சர்க்கரை மாத்திரைகளைக் கணவன் பையில் பாதி, மனைவி பையில் பாதி என்று பிரித்து வையுங்கள். கடல் மயக்கத்துக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வந்துவிடும். பவளக் கல் காலைக் கிழிக்கும். வார் வைத்த ரப்பர் செருப்பு அவசியம். பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்கு மேல் போனால் ஆடுகிற தளத்தில் பறவை தெரியாது, உங்கள் கை நடுக்கம்தான் தெரியும். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சம் ஆமைகளைக் கலைக்கும். கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும். பேனா வேண்டாம், உப்புத் தண்ணீர் பட்டால் மை ஓடிவிடும்.

இந்தக் கடைசி வரியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "நோட்டுப் புத்தகம் எதுக்கு சார், போன் இருக்கே!" என்றார் ஒருவர். அதற்குப் பதில் சொல்லத்தான் 1873-க்குப் போகிறேன்.

அந்த ஆண்டு மார்ச்சில் 'ஸ்கோஷியா' என்ற நீராவிக் கப்பல் கல்கத்தாவிலிருந்து அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்குப் போனது. வைஸ்ராய் மேயோ பிரபு போர்ட் பிளேரில் குத்திக் கொல்லப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. கப்பலில் இருந்த முக்கியமான மனிதர் நமக்கெல்லாம் பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தில் தெரிந்தவர்: பின்னாளில் 1885-இல் காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம். அவர் பறவைப் பித்தர் என்பதை நம் வாத்தியார்கள் சொல்லவில்லை. கூடவே ஸ்டோலிட்ஸ்கா, வாலண்டைன் பால் போன்ற விஞ்ஞானிகளும் போனார்கள். காட்டுயிர் பார்க்கக் கப்பலில் சுற்றுவது இன்று புதிதாக வந்தது போலப் பேசுகிறோம். நூற்றைம்பது வருஷம் முன்பே நம் வங்காள விரிகுடாவில் நடந்திருக்கிறது.

ஆனால் அன்றைய இயற்கை ஆராய்ச்சியாளரின் சாமான் வேறு. துப்பாக்கி, வெடிமருந்து, சிறு பறவையைச் சிதைக்காமல் வீழ்த்தப் பொடி ரவை, தோல் உரிக்கிற கத்தி, உள்ளே அடைக்கப் பஞ்சு, தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் என்ற பாஷாணம் கலந்த சோப்பு. பறவையைப் பார்ப்பது என்றால் அன்று சுடுவது என்று பொருள். கையில் தோல் இல்லாமல் "இப்படி ஒன்றைப் பார்த்தேன்" என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நார்கொண்டம் என்ற ஒரே ஒரு சிறு தீவில் மட்டும் வாழ்கிற இருவாச்சியை உலகத்துக்கு அறிவித்தவர் ஹியூம்தான், அதே 1873-இல். இன்றும் அந்தப் பறவை அந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லை.

ஹியூமின் கதையில் என்னை உறுத்துவது இன்னொன்று. இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதப் பல்லாண்டுகளாகக் குறிப்புகள் சேர்த்திருந்தார். அவர் சிம்லாவில் இல்லாத சமயம் வீட்டிலிருந்து அந்தக் காகிதங்கள் திருடப்பட்டு, கடைத்தெருவில் எடைக்குப் போடப்பட்டன. கடலை மடித்தார்களோ, சுண்டல் மடித்தார்களோ! மனிதர் ஒடிந்துபோனார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தோல்களையும் முட்டைகளையும் 1885-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். அவை இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன. காகிதம் போனது போனதுதான்.

அடுத்து வந்தது 'இன்வெஸ்டிகேட்டர்', கடல் அளவை வேலைக்கென்று கட்டப்பட்ட துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல். அதில் கப்பல் டாக்டரே இயற்கை ஆராய்ச்சியாளரும் ஆவார். 1888 முதல் நான்கு ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்த ஆல்காக் 1902-இல் தம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அவர் காலத்துச் சாமானில் துப்பாக்கியை விட முக்கியம் ஆழ்கடலை அரித்தெடுக்கிற வலையும், கண்ணாடி ஜாடியும், அதில் ஊற்றுகிற சாராயமும். குடிப்பதற்கல்ல, மீனையும் நண்டையும் கெடாமல் ஊறவைப்பதற்கு. எல்லாம் கல்கத்தா மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இந்தக் காலம் வரைக்கும் மூட்டை போகும்போது ஒரு எடை, வரும்போது அதைவிடப் பல மடங்கு எடை.

அது எப்போது மாறியது என்று கேட்டால், நான் நம் ஊருக்கு வருவேன். கிண்டி பாம்புப் பண்ணை தெரியாதவர்கள் நம்மில் இருக்கமாட்டார்கள். அது முதலில் இருந்தது நம் சேலையூரில் என்று என் பேரன் தலைமுறையிடம் சொன்னால் கதை விடுவதாக நினைக்கிறார்கள். அப்போது சேலையூர் ஒரு கிராமம்; ஏரி, வயல், பனை, பாம்புக்கும் பஞ்சமில்லை. ரோமுலஸ் விட்டேகர் என்ற அமெரிக்க இளைஞர், பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த இருளர்களின் துணையோடு அறுபதுகளின் கடைசியில் இங்கே சிறியதாகத் தொடங்கினார். 1972-இல் அது கிண்டிக்குப் போனது. 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும் வந்தது. விட்டேகருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம் பகுதியில் யாராவது ஒரு பேனர் கட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கட்டவில்லை.

அந்தப் பாம்புப் பண்ணைக் கூட்டம்தான் எழுபதுகளின் முற்பகுதியில் சென்னைக் கடற்கரையில் இரவு நடையைத் தொடங்கியது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். நாயும் மனிதனும் தோண்டி எடுப்பதற்கு முன்னால் முட்டைகளைக் கண்டுபிடித்து, பாதுகாப்பான இடத்தில் மறுபடி புதைத்துப் பொரிக்க வைப்பார்கள். 1988 முதல் கல்லூரி மாணவர்கள் அமைப்பாகச் சேர்ந்து அதை நடத்துகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை அப்படி ஓர் இரவு நானும் என் மகனும் அவர்களோடு நடந்திருக்கிறோம். கையில் என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? ஒரு துணிப் பை, ஒரு கழி, ஓர் அளவு நாடா, ஒரு நோட்டு. டார்ச்சைத் தேவையில்லாமல் போடக் கூடாது. அவ்வளவுதான் சாமான்.

ஆரம்ப காலத்தில் அந்த நடைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். கேரளத்துக்காரர், ஐ.ஐ.டி. மாணவர். வகுப்பை விடக் கடலில்தான் அதிக நேரம் இருந்தார், படிப்பை முடிக்கவில்லை. அவரைப் பெற்றவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று ஒரு தகப்பனாக எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பாம்புப் பண்ணையின் கள அலுவலராகச் சேர்ந்து, லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் என்று இந்தியாவின் ஆமைக் கரைகளில் ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர் நடந்தே கணக்கெடுத்தார். அதற்கு முன்னால் எந்தத் தீவில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பதற்கு முழுமையான கணக்கே நம்மிடம் கிடையாது.

1982-இல் அவர் செய்ததுதான் மூட்டை கட்டுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. லட்சத்தீவில் சுஹேலி என்று மக்கள் நிரந்தரமாகக் குடியில்லாத தீவு இருக்கிறது. தேங்காய் வெட்டவும் மீன் பிடிக்கவும் வருகிறவர்கள் மழைக்காலத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள். பச்சை ஆமை முட்டையிட வருவதோ தென்மேற்குப் பருவமழையில்தான். அந்த மாதங்களில் படகு ஓடாது. போனால் மழை முடியும்வரை திரும்ப முடியாது. வீட்டில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, மனிதர் தனியாகப் போய் இறங்கினார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றாலும் 150 நாளைக்கு 60 கிலோ. பருப்பு, உப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய், நனையாத தீப்பெட்டி, மருந்து, டார்ச், அதற்கு ஐந்து மாதத்துக்கான பேட்டரி. ஒன்றை மறந்தால் பக்கத்துக் கடைக்குப் போக முடியாது. குடல்வால் அழற்சி வந்தால்கூடக் கூப்பிட ஆள் இல்லை. இன்றைய சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் 'சாகசப் பயணம்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 60 கிலோ அரிசிதான் நினைவுக்கு வரும்.

ஜூலையில் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் போட்டு மூடிக் கடலில் எறிந்தார். அது ஏறக்குறைய 800 கிலோமீட்டர் மிதந்து, ஒரு மாதத்துக்குள் இலங்கைக் கரையில் ஒதுங்கியது. கண்டெடுத்த மீனவர் பிரித்துப் பார்த்துவிட்டு வீசிவிடவில்லை. தானும் ஒரு கடிதம் எழுதி வைத்து, தபாலில் அந்த அம்மாவுக்கு அனுப்பிவைத்தார். ஒரு தாளும் பென்சிலும் காலிப் பாட்டிலும். தபால் துறையில் வேலை பார்த்த என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, "எங்க ஆளுங்க அதுக்கு மேல லேட் பண்ணியிருக்காங்க" என்றார்.

சுஹேலியோடு அவர் நிற்கவில்லை. எண்பதுகளில் இந்தோனேசியாவின் இரியன் ஜெயாவுக்குப் போய், முதுகில் ஏழு வரி ஓடும் பெரிய ஏழுவரி ஆமைகளுக்கு நூற்றுக்கணக்கில் அடையாளத் தகடு பொருத்தினார். அந்தமானில் சவுத் ரீஃப் என்ற துண்டுத் தீவில் அழுங்காமைகளுக்காகப் பல பருவங்கள் தங்கினார். கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா ஆறு கடலில் கலக்கிற மணலில் ஏழுவரி ஆமைகளின் குழிகளை எண்ணினார். (அந்த ஆற்றின் பெயரே ஓர் ஆய்வுக் கப்பலின் பெயர்தான். டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற 1845-இல் அங்கிருந்து புறப்பட்டு வந்த 'கலாத்தியா', நிக்கோபாரையும் ஆராய்ந்துவிட்டுப் போனது.) எங்கிருந்தும் அவர் தோலோ ஜாடியோ கொண்டுவரவில்லை. தேதி, மணல், தடத்தின் அகலம், குழிகளின் எண்ணிக்கை. எல்லாம் காகிதம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கிரேட் நிக்கோபாரின் தென்முனை பல அடி கீழே அமிழ்ந்தது. கலாத்தியாக் கரையும் அழிந்தது. பிறகு மணல் மெல்லச் சேர, ஆமைகளும் திரும்பின. இப்போது அதே விரிகுடாவில் பெரிய சரக்குத் துறைமுகம் வரப்போகிறது. அங்கிருந்த சரணாலயத்தின் அறிவிக்கை 2021-இல் ரத்து செய்யப்பட்டது; 2022-இல் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்துவிட்டது. நாட்டுக்குத் துறைமுகம் தேவை என்பவர்களும், ஆமைக்கு வேறு கரை இல்லை என்பவர்களும் வாதாடுகிறார்கள். என் மனம் ஆமைப் பக்கம் சாய்கிறது, ஆனால் அது கிடக்கட்டும். சுனாமிக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று இரண்டு தரப்பில் யார் கேட்டாலும், பதிலுக்குப் புரட்ட வேண்டியவற்றில் முக்கியமானவை அந்தத் தனி மனிதர் நடந்து எழுதி வைத்த பக்கங்கள். அவை எடைக்குப் போகவில்லை.

சதீஷ் பாஸ்கர் 2023 மார்ச்சில் கோவாவில் காலமானார். அவரைப் பற்றி 'டர்ட்டில் வாக்கர்' என்ற ஆவணப்படம் 2024-இல் வந்திருக்கிறது. லட்சத்தீவு போகிற நம் நண்பர்கள் ஆமை பார்க்கக் கிடைத்தால் தேதி, நேரம், தீவின் பெயர், எத்தனை ஆமை என்று நான்கே விஷயம் எழுதிக்கொண்டு வரட்டும். பென்சில் நான் வாங்கித் தருகிறேன்.