ஆய்வேடும் பொதுநூலும்

ஆராய்ச்சியாளர் பொதுமக்கட்கு எழுதப் புகுந்தால் ஆராய்ச்சி மெலியும் என்பார் உளர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை மதுரையோடு தொடர்புடைய தமிழறிஞர் இருவர்தம் எழுத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முன்னவர் டாக்டர் மு. வரதராசனார். 1971 முதல் 1974இல் மறையும் வரை மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய அவர், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். திருக்குறள் தெளிவுரையும், 1961இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற ‘அகல் விளக்கு’ நாவலும் அவர் ஆக்கங்களே. எனினும் ஆய்வுப்பொருள் வேறு, புதினப்பொருள் வேறு என அவை தனித்தனியே நின்றன.

பின்வந்த தொ. பரமசிவன் (1950–2020) மற்றொரு நெறியை மேற்கொண்டார். மதுரைக்கு வடக்கே மலையடியில் அமைந்த அழகர்கோயில் பற்றிய அவர்தம் ஆய்வேட்டை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் நூலாக வெளியிட்டது. கல்வெட்டும் பாசுரமும் மட்டுமன்றி, சித்திரைத் திருவிழாவிற்கு வரும் அடியவர்தம் வாய்மொழி, வர்ணிப்புப் பாடல், பதினெட்டாம்படிக் கருப்பசாமி வழிபாடு ஆகியனவும் அதில் சான்றுகளாயின. கள்ளர், இடையர், வலையர் முதலிய சமூகத்தார்க்கும் கோயிலுக்கும் உள்ள தொடர்பு தனித்தனியே ஆராயப்பெற்றது. அழகர் கள்ளர் கோலம் பூண்டு வையை நோக்கி வருதல், இதனால் வெறுஞ்சடங்காக நில்லாது சமூக வரலாற்றுச் சான்றாயிற்று.

1997இல் வெளிவந்த அவருடைய ‘அறியப்படாத தமிழகம்’ சிறு கட்டுரைகளால் ஆயது. உணவு, உப்பு, பல்லாங்குழி எனக் கற்றாரும் கல்லாரும் அறிந்தனவே அதன் பொருள்கள். பல்லாங்குழி ஆட்டத்தில் ஒருவர் வெறுங்கையராக மற்றவரிடம் காய்கள் குவிதலைத் தனிச்சொத்தின் தோற்றத்தோடு அவர் இயைத்துக் காட்டுகின்றார். பொருள் மாறினும், மக்கள் வழக்காற்றை ஆவணமாகக் கொள்ளும் முறை மாறவில்லை.

இந்நெறியில் இழப்பும் உண்டு. ஆய்வேட்டில் சான்று முன்செல்ல முடிபு பின்வரும்; சிறு கட்டுரையிலோ முடிபு விரைந்து வந்துவிடும். பல்லாங்குழி பற்றிய கருத்து, மேலும் ஆராய்தற்குரிய கருதுகோளேயன்றி நிறுவப்பட்ட முடிபு அன்று. மாணவர் அதனை மேற்கோள் காட்டிய அளவில் அமைவாராயின் ஆராய்ச்சி தேங்கும்.

ஆயினும் பயன் பெரிது. வாய்மொழிச் சான்று தந்த மக்கள் ஆய்வேட்டினுள் தகவலாளராக மட்டுமே நின்றனர். பொதுநூலில் அவர்களே படிப்போராயினர். தம் வழக்கம் பற்றிய கூற்றைச் சரியென்றோ தவறென்றோ உரைக்கும் தகுதி அவர்கட்கு மிகுதியும் உண்டு. ஆகவே, பொதுமக்கட்கு எழுதுதல் ஆராய்ச்சியை மெலிவித்தல் அன்று. அதனை மற்றோர் அவையில் சோதனைக்கு வைத்தலாகும். இரண்டு அவைக்கும் விடையிறுத்தல் தமிழாராய்ச்சியாளர் கடன் என்பதே எம் துணிபு.