40 வயசுக்கு மேல கிக்ஃபிளிப் வருமா? ஒரு குட்டி வரலாற்று இழை

1/ ஸ்கேட்போர்டுல ஏறி, குதிச்சு, காலுக்கடியில பலகையை ஒரு சுத்து சுத்தவிட்டு, மறுபடி அது மேலயே இறங்குறது கிக்ஃபிளிப். 40 தாண்டியவங்க இதைக் கத்துக்கலாமா? மருத்துவப் புத்தகத்தை விட அந்த வித்தையின் வரலாறு இதுக்கு நல்ல பதில் சொல்லும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

2/ 1950-களில் கலிஃபோர்னியா கடற்கரையில் அலை இல்லாத நாட்களில் அலைச்சறுக்கு வீரர்கள் தரையில் சறுக்க ஆரம்பித்தார்கள். பலகை, அதற்கடியில் ரோலர் ஸ்கேட் சக்கரம், அவ்வளவுதான். 1960-களின் களிமண் சக்கரம் சின்னக் கல் பட்டாலே நின்றுவிடும், ஆள் மட்டும் பறப்பார். டாக்டர்கள் எச்சரித்தார்கள், பல அமெரிக்க நகரங்கள் தடை போட்டன. நார்வேயில் 1978 முதல் 1989 வரை நாடு முழுக்கத் தடை!

3/ 1970-களில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரங்களைக் கொண்டுவந்தார். தரையைப் பிடித்து ஓடும் சக்கரம் வந்ததும் விளையாட்டே மாறியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற ஃபிளோரிடா பையன் கையால் பிடிக்காமலே பலகையோடு மேலெழும்பினார். அதுதான் 'ஆலி'.

4/ தமிழ்நாட்டிலும் கதை கடலோரத்தில்தான். கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கும் ஸ்கேட்டிங்கும் சேர்ந்தே வளர்ந்தன. மாமல்லபுரம் கமலி மூர்த்தி பற்றிய 'கமலி' குறும்படம் 2020-ல் பாஃப்டா பரிந்துரை வரை போனது. சரி, கடலே இல்லாத திண்டுக்கல்காரர் என்ன பண்றது?

5/ அதுக்குத்தான் ராட்னி மல்லன். 1966-ல் பிறந்தவர், ஃபிளோரிடாவில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். அலையும் இல்லை, மேடும் இல்லை. கொஞ்சம் சிமெண்ட் தரை. நம்ம வேடசந்தூர் பக்கத்துச் சோளக் களம் மாதிரின்னு வைங்களேன். "பெரிய காயம் பட்டா நிறுத்திடணும்"னு அப்பா போட்ட நிபந்தனையோட பழகினார். 1980-களின் தொடக்கத்தில் சமதரையிலேயே ஆலி, அப்புறம் கிக்ஃபிளிப் என்று அவர் கண்டுபிடித்தவைதான் இன்றைய தெரு ஸ்கேட்டிங்கின் அடித்தளம்.

6/ எப்படி நடக்குது? பின்கால் பலகையின் வாலைத் தட்டும், முன்பக்கம் எழும்பும். முன்கால் மேலே வழுக்கி, மூக்குக்கிட்ட ஓரத்தை வெளிப்பக்கமா சுண்டும். சப்பாத்திக் கட்டை உருளுற மாதிரி பலகை நீளவாக்கில் ஒரு சுத்து சுத்தும். ரெண்டு காலும் அதைப் பிடித்து இறங்கணும். எல்லாம் ஒரு நொடிக்குள்ள.

7/ பிற்காலத்தில் மல்லனுக்கு இடுப்பு மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகி, கால் அசைவே முடங்கியது. அதை அவரே வலியோடு நெம்பி நெம்பி விடுவித்தார். (தயவுசெஞ்சு வீட்ல முயற்சிக்காதீங்க, பிசியோதெரபிஸ்ட் இருக்காங்க.) பிறகு பழகிய நிற்கும் முறையை விட்டுட்டு, எந்தக் கால் முன்னே இருந்தாலும் ஆடும்படி புதுசா கத்துக்கிட்டார். 2016-ல் 'லிமினல்' படத்தில் புது வித்தைகளோடு வந்தபோது அவர் 50-ஐத் தொட்டுக்கொண்டிருந்தார்.

8/ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஸ்கேட் செய்த ஆண்டி மெக்டொனால்டுக்கு 51 வயசு. அதே விளையாட்டில் சீனாவின் ஜெங் ஹாவ்ஹாவுக்கு 11. வாழ்நாள் முழுக்க ஆடியவர் வேற, 42-ல் ஆரம்பிப்பவர் வேற, ஒத்துக்கறேன். ஆனா கதவு மூடலை.

9/ மூளை என்ன சொல்லுது? 2008-ல் ஜெர்மனியில் 50-லிருந்து 67 வயது வரையானவர்களுக்கு மூணு பந்தை மாத்தி மாத்தி வீசிப் பிடிக்கக் கத்துக்கொடுத்தார்கள். இளைஞர்கள் அளவுக்குப் பலருக்கும் வரவில்லை. ஆனாலும் மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் மாற்றம் பதிவானது. தாமதமாகும், ஆனா கத்துக்கும்.

10/ உண்மையில் வயசோட மாறுறது விழுறதோட விலை. வேகமா இயங்கும் தசைநார்கள் குறையும், தசைநாண் இறுகும், எலும்பு கூட நாள் எடுத்துச் சும்மா சேரும். பைக்ல சறுக்கி விழுறவங்க மாதிரியே இங்கயும் கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போயிடும். அதனால முதல் பாடம் கிக்ஃபிளிப் இல்லை, விழுறது. முழங்காலை மடக்கி, உடம்பைச் சுருட்டி, தோளோடு உருண்டு விழப் பழகுங்க.

11/ ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு கட்டாயம். முதல்ல உருட்டுறது, அப்புறம் ஆலி, அப்புறம்தான் ஃபிளிப். தினம் அரைமணி போதும். நல்லா தூங்குங்க, பழகினது பதியறது அப்பத்தான். சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவங்க, எலும்புத் தேய்மானம் இருக்கறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க உங்க டாக்டரைப் பார்த்துட்டு ஏறுங்க.

12/ ஸ்கேட்போர்டே வேண்டாம்னாலும் பரவாயில்லை. சிலம்பமோ நீச்சலோ, உடம்புக்குப் புதுசா ஒண்ணு கத்துக்கொடுங்க. சமநிலைப் பயிற்சி இப்பவே இருந்தா, 70-ல் பாத்ரூமில் வழுக்கும்போது கால் தன்னால சுதாரிக்க வாய்ப்பு அதிகம். இடுப்பு எலும்பு உடைஞ்சு படுக்கையில் விழுந்த பெரியவங்களைப் பார்த்த வீட்டுக்காரங்களுக்கு இதோட அருமை தெரியும்.